உனக்கும் கேக்குதா?

ரந்தாவ் போகும் சாலையோரம், செம்பனை நிழலில் போனட்டைத் திறந்தபடி நிற்கிறது பழைய கார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. மழை விட்டபின்னும் மட்டைகளிலிருந்து சொட்டும் நீர், சூடான இரும்பில் பட்டதும் ஆவியாகிறது. "இன்ஜினுக்குள்ள விடாம ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுங்க," என்கிறாள் புஷ்பவள்ளி. தங்கராஜு சட்டென்று நிமிர்கிறார். "உனக்கும் கேக்குதா?" அந்தக் கேள்வியில் ஒரு சந்தோஷம். சில நாளாகவே அவர் காதில் இரைகிறது. செனாவாங் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டதோ என்ற பயத்தை மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறார். அந்த இரைச்சல் இந்தப் பாழாய்ப்போன காருடையதாகவே இருக்கட்டும். ரப்பர் குழாய்த் துண்டொன்றின் ஒரு முனையை அவள் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜின் மேல் மெல்ல நகர்த்துகிறார். "இங்கயா?" "இல்ல." "இங்க?" "ஆமா லா, அங்கதான்!" காற்று போகும் சிறு குழாயின் முனை வெடித்திருக்கிறது. விரலால் பொத்துகிறார், சத்தம் அடங்கியதென்று அவள் தலையசைக்கிறாள். இன்ஜினை நிறுத்தி, வெடித்த முனையைக் கத்தியால் நறுக்கியெறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துச் செருகுகிறார். மறுபடி சாவியைத் திருப்பியதும் புஷ்பவள்ளி காதைச் சாய்த்துக் கேட்டுச் சிரிக்கிறாள். "சுத்தமா நின்னுருச்சுங்க." தங்கராஜு இன்ஜினை அணைக்கிறார். செம்பனைக்காட்டில் ஒரு மட்டைகூட அசையவில்லை. கையிலிருக்கும் கிரீஸை வெகுநேரம் துடைக்கிறார். காதுக்குள் அது இரைந்துகொண்டே இருக்கிறது. "ஆமா," என்கிறார், அவள் முகத்தைப் பார்த்தபடி. "நின்னுருச்சு."