மாமனார் கத்தவில்லை

இனி வருவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகட்டும்.

நோவாவின் பேழையைக் கிண்டலடித்து ஒரு சிரிப்புப் படம் எடுத்தார் இயக்குநர். இதுவும் ஊத்திக்கொண்டால் பழையபடி கல்யாண வீடியோ எடுக்கப் போகவேண்டியதுதான். அதனால் முதல் காட்சிக்கு, கோபத்துக்குப் பேர்போன மாமனாரைச் சபையாரோடு அழைத்திருந்தார். மாமனார் போதகர்.

“உங்கப்பா வாசல்ல நின்னு நாலு கத்து கத்தினாப் போதும். ஊரே திரண்டு படம் பார்க்க வரும்.”

“கத்துவாருங்க,” என்றாள் மனைவி.

பதற்றத்தில் உள்ளே போகாமல் இருவரும் தியேட்டர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே சிரிப்புமில்லை, கூச்சலுமில்லை.

“ஒட்டகம் நோவா தாடியில வாந்தி எடுக்குதே, அதுக்குக்கூடவா சிரிக்க மாட்டாங்க?”

“நீங்க வீட்டுல நடிச்சுக் காட்டினப்ப நல்லா இருந்துச்சுங்க.”

கதவு திறந்தது. போதகர் கண்ணைத் துடைத்தபடி வந்து மருமகனைக் கட்டிக்கொண்டார்.

“வெள்ளம் வந்ததும் தேம்பித் தேம்பி அழுதுட்டேன் மாப்பிள்ளை!”

“அது சிரிக்கிற இடம் மாமா!”

“விளையாடாதீங்க. சபைப் பிள்ளைங்களுக்கும் இதைப் போட்டுக் காட்டணும்.”

இயக்குநருக்குத் தலை சுற்றியது. இத்தனை வருஷம் தொட்டதற்கெல்லாம் குதித்த மனுஷன், தேவைப்பட்ட அன்றைக்குப் பார்த்துக் கழுத்தறுத்துவிட்டார்.

“சொந்த மாமனாரே கவுத்துட்டாரேடி!”

“அழாதீங்க. அப்பா இப்படிப் பண்ணுவார்னு நானும் நினைக்கலை,” என்று மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆபரேட்டர் அன்று ஓட்டியது, காலையில் அவளே கொண்டுவந்து கொடுத்த, நோவாவைப் பற்றிய பழைய பக்திப் படம்.