குலுங்கக் கூடாத பெட்டி

தேர்வாய் கண்டிகையில் மனைவியோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே சரவணகுமார் சொல்லிவிட்டான்.

"அண்ணே, மடியில இருக்கற பெட்டில கம்பெனி கம்ப்யூட்டரு. வண்டி குலுங்குனா ஹார்ட் டிஸ்க் காலி. எதுனா ஆச்சுன்னா மேனேஜரு உங்க வண்டி நம்பரத்தான் கேப்பாரு."

டிரைவர் முனிகிருஷ்ணனுக்குப் பகீரென்றது. வழியெல்லாம் லாரிகள் பறித்த பள்ளம். ஒவ்வொன்றிலும் ஆட்டோவைப் பூப்போல இறக்கி ஏற்றினார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான்.

"இருய்யா! கம்ப்யூட்டரு போய்க்கினு கீதுல்ல!" என்று திரும்பிக் கத்தினார். கண்ணாடியில் அந்தப் பெட்டியைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. சட்டை வேர்வையில் தொப்பலாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி வந்ததும், "இங்கதாண்ணே, நிறுத்துங்க" என்றான் சரவணகுமார்.

ஆஸ்பத்திரி வாசல்.

இறங்கிப்போய்ப் பெட்டியைப் பதமாகக் கையில் வாங்கினார் முனிகிருஷ்ணன். தக்கை மாதிரி இருந்தது.

"இன்னாப்பா இது, உள்ள ஒண்ணுமே இல்ல?"

சரவணகுமார் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தான். நிறைமாத வயிறு.

"போன வாரமும் உங்க வண்டிலதாண்ணே வந்தோம். 'மாசமா கீறா, மெதுவா போங்க'ன்னு கெஞ்சுனேன். நீங்க கேக்கல."