எந்த வாசல் வழியா?

எறும்புகள் கூடி ஒரு புற்றைக் கட்டின. யாரும் தன் வசதிக்கு ஒரு வாசல் திறந்துகொள்ளலாம் என்றிருந்ததால், புற்று முழுக்க வாசலாகவே இருந்தது.

விருந்துக்கு வந்த வண்டு வெளியே திகைத்து நின்றது. "எந்த வாசல் வழியா வரணும் அக்கா?"

"உன் இஷ்டம் தம்பி. அதுதானே எங்க புற்றோட பெருமை," என்றது கட்டெறும்பு.

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. கட்டெறும்பு ஒரு வாசலுக்குள் பாய்ந்தது. மற்ற எறும்புகளும் அதே வாசலுக்குத்தான் ஓடிவந்தன. வண்டும் அவற்றோடு உருண்டு உள்ளே விழுந்தது.

"எல்லாரும் வர்றது இது வழியாத்தானா? அப்போ இங்கே அடையாளத்துக்கு ஒரு பூவிதழ் வைங்களேன்," என்றது, இறக்கையை உதறிக்கொண்டே.

எறும்புகளுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது.

அடுத்த விருந்துக்கு வண்டு ஆசையாக வந்தது. எல்லா வாசலிலும் ஒவ்வொரு நிறத்தில் பூவிதழ் இருந்தது.

வண்டு விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு, மழை வரட்டும் என்று வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது.