கோணக்கொம்பன்

மாப்பிள்ளை வீடு பார்க்க வருபவர்கள் இப்போதெல்லாம் வீட்டைப் பார்ப்பதில்லை. அந்த ஊர்க் கடலில் ஒரு சொட்டு எடுத்துச் சுவரில் பெரிதாக்கிக் காட்டச் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் வகைவகையாக இருந்தால் கடல் நன்றாக இருக்கிறது, பெண்ணைக் கொடுக்கலாம்.

மாப்பிள்ளை ரொமால்டின் ஊர்க் கடலில் மூன்று வகைகூட மிஞ்சவில்லை. ஆனாலும் இன்று அவன் வீட்டுச் சுவர் முழுக்க நட்சத்திரங்களும் சங்கிலிகளும் கண்ணாடி ஊசிகளுமாக மிதந்தன. பெண்ணின் அப்பா சிலுவைராசுக்கு முகமெல்லாம் பல். அவர் மகள் டெல்பின் மட்டும் சுவருக்கு அருகில் போய், வளைந்த கொம்புள்ள ஓர் உயிரியைத் தொட்டாள்.

"இது கோணக்கொம்பன்லா. எங்க துறையத் தவிர வேற எங்கயும் கிடையாதே."

ரொமால்டின் அம்மா பிரகாசி காப்பித் தட்டோடு மகன் பக்கம் திரும்பினாள்.

ரொமால்ட் தலையைச் சொறிந்தான். "காலைல நாந்தான் உங்க துறைக்குப் படகுல போயி தண்ணி மோந்துட்டு வந்தேன். பக்கத்துல நல்ல தண்ணி உங்க ஊர்லதான் இருக்கு."

சிலுவைராசு துண்டை உதறி எழுந்தார்.

"இருங்கப்பா," டெல்பினுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எங்க தண்ணிதான் பிடிச்சிருக்குன்னா, மாப்பிள்ளையும் எங்க ஊருக்கே வந்துரட்டும்."

பிரகாசி தட்டைக் கீழே வைத்தாள்.

"வீட்டோட மாப்பிள்ளன்னா, அவன் அம்மைக்கும் ஒரு ரூம்பு உண்டும்லா?"