சந்தேகமிருந்தால் அழைக்கவும்

"நாளைக்கு நான் வரமாட்டேன்னு எழுதிக்குங்கம்மா. ஆளை விடுங்க!"

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர் போனில் கத்தினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. பல வருஷச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தில் கைவைத்துவிட்டது. நாளை காலை முதல் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்துக்குப் போக வேண்டும். அந்த மையம் கொடுத்தனுப்பிய ஏழு பக்கக் காகிதத்தில் அவருக்குப் புரிந்தது கடைசி வரி மட்டும்தான்: 'சந்தேகமிருந்தால் அழைக்கவும்.' மனைவிதான் அந்த எண்ணை அழுத்தி, போனை அவர் கையில் திணித்திருந்தாள்.

"எழுதிக்கிறேன் ஐயா," என்றாள் மறுமுனையில் ஒரு பெண், பதறாமல். "ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"கால் வீக்கம் வடிஞ்சிடுச்சு. மூச்சு வாங்கல. நல்லா இருக்கிறவனை எதுக்கு நாலு மணி நேரம் கட்டிப் போடணும்?"

"வீக்கம் வடிஞ்சது ஆஸ்பத்திரியில மிஷின் பார்த்த வேலை. நாளைக்கு விட்டீங்கன்னா திரும்ப ஏறும். அப்புறம் படுத்தா மூச்சு முட்டும்."

பெரியவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"நாள் முழுக்க ஒரு லிட்டர் தண்ணிதானாம். மனுஷன் எப்படிம்மா இருக்கிறது?"

"காலையிலேயே ஒரு பாட்டில்ல அளந்து வச்சிடுங்க. காபி குடிச்சா அந்த அளவைப் பாட்டில்லேருந்து கீழே கொட்டிடுங்க. நாக்கு வறண்டா ஒரு ஐஸ் கட்டியை வாயில அடக்கிக்குங்க."

மனைவி பாட்டில் தேடச் சமையலறைக்கு ஓடினாள்.

"டயாலிசிஸ் ஊசிக்காக ரெண்டு மாசம் முன்னாடி ரத்தக்குழாயை இணைச்சு ஆபரேஷன் பண்ணின கையைத் தொட்டுப் பாருங்க ஐயா. அதிருதா?"

"வண்டி ஸ்டார்ட்ல நிக்கிற மாதிரி அதிருது."

"அதான் வேணும், ரத்தம் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். என்னைக்காவது அது நின்னா அந்த நிமிஷமே போன் பண்ணுங்க. அந்தக் கையில பிரஷர் பார்க்க விடாதீங்க."

மனைவி இன்னும் வரவில்லை. பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லிடறேன்மா. மலைப்பாதையில பிரேக் போன வண்டியை இறக்கினவன் நான். ஆனா அந்த ஊசி... கோணி தைக்கிற ஊசி மாதிரி இருக்கு. நினைச்சாலே உள்ளுக்குள்ள உதறுது."

அவள் சிரிக்கவில்லை.

"முன்னாடியே கேளுங்க, மரத்துப்போக மருந்து தடவுவாங்க. குத்தும்போது மூச்சை மெதுவா வெளியே விடுங்க. அரைக்கைச் சட்டை போட்டுக்குங்க. குளிரும், போர்வை எடுத்துட்டு வாங்க. கால்ல சதை பிடிச்சா வீறாப்பா பொறுத்துக்காதீங்க, நர்ஸைக் கூப்பிடுங்க. இப்ப சொல்லுங்க, உங்க பேரை அடிச்சிடவா, விட்டு வைக்கவா?"

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"விட்டு வைங்க. வரேன்."

"ஏழு மணிக்கு."

"ஆறே முக்காலுக்கே நிப்பேன். டாக்டர்கூட இப்படிப் புரியற மாதிரி சொல்லலம்மா. நேர்ல பார்த்து ஒரு நன்றி சொல்லணும். நீங்க எந்த ஆபீஸ் ரூம்ல உட்காருவீங்க?"

"தேடவே வேண்டாம் ஐயா. இந்த போனை நான் வீட்டுலேருந்துதான் எடுக்கிறேன். உங்களுக்கு நாலாவது மிஷின். பக்கத்துல அஞ்சாவதுல நான் படுத்திருப்பேன், ஒன்பது வருஷமா அதுதான் என் இடம்."