கிடங்கில் ஒரு மச்சினன்

"பக்கத்துல வந்துட்டேன் மாமா. நீங்க தைரியமா ஆரம்பிங்க," என்றான் மச்சினன்.

புரோகிராமர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மீட்டிங் அறைக்குள் நுழைந்தார். ஏ.சி. ஓடியும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

உள்ளே சுவர்த் திரைக்கு எதிரே முதலாளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சேல்ஸ் மேனேஜர், அடுத்தவன் மாட்டிக்கொள்வதை ஆற அமரப் பார்க்க வந்த முகத்தோடு.

"தம்பி, மூணு மாசமா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறீங்க," என்றார் முதலாளி. "இன்னைக்கும் வேலை செய்யலைன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்."

விஷயம் இதுதான். மூன்றாம் மாடியில் ஆர்டர் எடுக்க ஒரு மென்பொருள். கீழே கிடங்கில் சரக்கு அனுப்ப இன்னொன்று. இரண்டும் வேறு வேறு கம்பெனி தயாரிப்பு, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே கிடையாது. நடுவில் வெப் சர்வீஸ் என்ற தூதுவனைப் போட்டு, இங்கே பதிகிற ஆர்டர் தானாக அங்கே போய்ச் சேரும்படி புரோகிராமர் செய்ய வேண்டும்.

தூதுவன் என்னவோ போகத்தான் செய்தான். ஆனால் மேலே உள்ளது தேதியில் நாள் எண்ணை முதலில் எழுதும். கீழே உள்ளதற்கு வருடம்தான் முதலில் வர வேண்டும். அந்த ஒரு கோபத்தில் அது ஒவ்வொரு ஆர்டரையும் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இன்று காலையில்கூட ஒரு வரியைத் திருத்தினார். அதை ஓட்டிப் பார்த்து இன்னொரு தடவை அவமானப்பட மனசு வரவில்லை.

அதனால்தான் மச்சினனை வரச் சொன்னார். கிடங்குக்காரர் சாப்பிடப் போகும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. மேலே சொல்கிற ஆர்டரை இவர் போனில் அனுப்ப வேண்டும், அவன் கீழே கிடங்குக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க வேண்டும். கிடங்குக்கு வந்து சேர்ந்த ஆர்டர்கள் மட்டும் சுவர்த் திரையில் தெரியும். அதை வெப் சர்வீஸ் சேர்த்ததா, மச்சினன் சேர்த்தானா என்று யாருக்குத் தெரியப்போகிறது?

"மடக்கு நாற்காலி நாப்பது. நீலக் கலர். போடுங்க," என்றார் முதலாளி.

சேல்ஸ் மேனேஜர் தன் லேப்டாப்பில் ஆர்டரைப் பதிந்தார். புரோகிராமர் மேஜைக்கு அடியில் கையை விட்டு, அதையே மச்சினனுக்கு மெசேஜ் அனுப்பினார். கையை வெளியே எடுப்பதற்குள் சுவரில் வந்து நின்றது: மடக்கு நாற்காலி, நீலம், நாற்பது.

முதலாளி எழுந்தே விட்டார். "இன்னொன்னு போடுங்க. கஸ்டமர் பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் சேர்த்து."

அதுவும் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற பையனா இவன் என்று புரோகிராமருக்கே ஆச்சரியம். மனைவி தன் தம்பியை நன்றாக மிரட்டித்தான் அனுப்பியிருக்கிறாள் என்று நெகிழ்ந்துபோனார்.

"பிரமாதம் தம்பி. அடுத்த வாரமே நம்ம எட்டு கிளையிலயும் இதை மாட்டிடுங்க."

புரோகிராமர் மனசுக்குள் கணக்குப் போட்டார். எட்டுக் கிளைக்கு எட்டு மச்சினன் வேண்டும். மாமனார் பெற்றதோ ஒரே ஒரு பையன். சித்தப்பா மகன் சும்மாதான் இருக்கிறான், அவனைப் பிடிக்கலாம். சகலையிடம் காலில் விழுந்தாவது கேட்கலாம். கண்புரை ஆபரேஷன் முடிந்த மாமனாரையே கொண்டுபோய் உட்கார வைத்தாலும், இன்னும் நாலு பேருக்கு எங்கே போவது?

தாங்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"சார், மன்னிச்சுக்கோங்க. இது வெப் சர்வீஸ் இல்ல. கீழ என் மச்சினன் உட்கார்ந்து டைப் அடிச்சிட்டு இருக்கான்."

சேல்ஸ் மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. முதலாளி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப இவ்வளவு வேகமா வேலை பார்த்தது உங்க மச்சினனா?"

"ஆமா சார்."

"எழுத்துப் பிழைகூட இல்லாம?"

"எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு சார்."

"அப்ப நீங்க எதுக்குத் தம்பி?" என்றார் முதலாளி. "உங்க கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்புங்க. அந்தப் பையனையே வேலைக்கு எடுத்துக்கிறேன். அவனுக்குப் போனைப் போடுங்க, நானும் கேக்குறேன்."

தன் வேலைக்குத் தானே வேட்டு வைத்துக்கொண்டோமே என்று புரோகிராமருக்கு அழுகை வந்தது. மச்சினனுக்கு வேலை, மாப்பிள்ளைக்கு வேலை இல்லை. இனி மாமனார் வீட்டில் யாருக்கு மரியாதை என்று சொல்லவே வேண்டாம். ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேஜை நடுவில் வைத்தார். மணி வெகு நேரம் அடித்து, கடைசியில் எடுத்தான்.

"மாப்ளே, உனக்கு இங்க வேலை கிடைச்சிருக்கு. முதலாளி கூப்பிடறார், உடனே மேல வா," என்றார்.



"கோச்சுக்காதீங்க மாமா, நான் இன்னும் வீட்டை விட்டே கிளம்பல."