சுருதி இறங்கும் பெட்டி

இரண்டு சிந்தசைசர் கீபோர்டுகளும் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே மேசையில், பேச்சுவார்த்தை நின்றுபோன மாமியாரும் மருமகளும் போல உட்கார்ந்திருந்தன.

பழையது தம்பியுடையது. புதியதைச் சோதித்துப் பார்க்கவென்று அக்கா கடையிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

அக்கா பாடுவாள், தம்பி வாசிப்பான். வேறு வாத்தியம் கிடையாது.

எந்தப் பாட்டைப் பதிவு செய்தாலும், முடியும்போது சுருதி ஒரு நூல் இறங்கியிருந்தது.

"என் குரல் இறங்கினா அன்னைக்கே பாட்டை விட்டுடுவேன். இது உன் பெட்டிடா! சூடேறினா படுத்துக்குது, என்னையும் சேர்த்து இழுக்குது. அதைத் தலைமுழுகு!"

"பழசுலதான்க்கா உயிர் இருக்கு" என்றான் தம்பி.

எதை வைத்துக்கொள்வதென்று ஒலிப்பதிவுக்காரியே சொல்லட்டும் என்று முடிவானது. இருவரும் தொண்டை நனைக்க வெளியே போனார்கள்.

பழைய பெட்டிகள் சூடேறினால் சுருதி நகரும், அந்த நகர்வுதான் அவற்றின் உயிர் என்று ஒலிப்பதிவுக்காரியும் கேள்விப்பட்டிருந்தாள். உயிரைக் கண்ணால் பார்த்துவிட ஆசை.

பெட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி, சுருதி காட்டும் ட்யூனரைப் பார்த்தாள். முள் அசையவில்லை. தன் ட்யூனர்தான் பழுதோ என்று வேறொன்றை வைத்துப் பார்த்தாள். அதுவும் கல்லில் அடித்த ஆணிபோல நின்றது.

பெட்டி நகரவில்லை. அப்படியானால்?

இருவரும் திரும்பி வந்து பதிவு செய்த அடுத்த பாட்டில் அவள் திரையைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள்.

அவன் வலது கை வாசித்தது. கண் அக்காவின் தொண்டைமேல் இருந்தது. கடைசிச் சரணத்தில் அக்காவின் குரல் மெல்லச் சரிந்தபோது, இடது கட்டைவிரல் முன்பக்கத்திலிருந்த சுருதித் திருகை மயிரிழை நகர்த்தியது.

குரலும் இசையும் கைகோத்தபடி இறங்கின. கேட்பதற்கு அவ்வளவு இதமாக இருந்தது.

புதியதைப் பார்த்தாள். அதிலும் அந்தத் திருகு உண்டு. பின்பக்கத்தில், வாசிப்பவன் கை எட்டாத இடத்தில்.

பாட்டு முடிந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தாள். தம்பி தலை நிமிரவில்லை.

"கோளாறு பழைய பெட்டியிலதான்க்கா" என்றாள் ஒலிப்பதிவுக்காரி. " ஆனா அந்தக் கோளாறுதான் நல்லாயிருக்கு. அதுவே இருக்கட்டும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "கேட்டியாடா? பெட்டிதானாம்!" என்று தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"ஆமாக்கா" என்றான் அவன், தலையைத் தேய்த்துக்கொண்டே. "பெட்டிதான்."